பூர்வீகச் சொத்து, பூர்வீகக் கடன்

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் தாத்தா காலமாகிறார். ஊரில் ஒரு வீடு, கொஞ்சம் தோப்பு விட்டுவிட்டுப் போகிறார். பீரோவைத் திறந்தால் கூடவே ஒரு கடன் பத்திரமும் இருக்கிறது. ‘வீடு எனக்கு, பத்திரம் யாருக்கோ’ என்று நீங்கள் சொல்ல முடியுமா?

முடியாது. தகப்பன், பாட்டன் பட்ட கடனைத் தீர்ப்பது மகனுடைய மதக் கடமை என்று ஒரு பழைய விதி இருந்தது. 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அடிப்படை மாறவில்லை. செத்தவரின் சொத்து உங்கள் கைக்கு வந்தால், வந்த சொத்தின் அளவுக்கு அவருடைய கடனும் வரும். சொத்து பத்து லட்சம், கடன் பதினைந்து லட்சம் என்றால் பத்தோடு உங்கள் பொறுப்பு முடிந்தது. சொத்தே வேண்டாம் சாமி என்று ஒதுங்கிக்கொண்டால் கடனும் கிடையாது. இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியுமா என்ன?

பி.காம். சேர்ந்த புதிதில் எங்கள் மண்டையில் ஏற்றியதும் இதைத்தான். பேலன்ஸ் ஷீட் என்கிற ஐந்தொகைக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்றில் சொத்து, இன்னொன்றில் பொறுப்பு. ஒரு பக்கத்தை மட்டும் எழுதிக் காட்டினால் அதற்குப் பெயர் கணக்கு அல்ல, விளம்பரம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ‘பாரம்பரியம்’ என்று இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. பாரம்பரிய அரிசி, பாரம்பரிய வீடு, பாரம்பரிய நடை. அந்த வரிசையில் பாரம்பரியப் பூங்காவும் உண்டு. ஊருக்குள் ஓடும் ஆற்றின் கரையைச் சுத்தம் செய்து, கல் பாவி, விளக்குப் போட்டு, அந்த ஊரின் பழைய கதையைச் சிலையாகவும் பலகையாகவும் வைப்பது. உலகம் முழுக்க நடக்கிறது. நல்ல விஷயம்தான். பாரம்பரியம் என்றால் நம் பாஷையில் பூர்வீகச் சொத்து. அப்படியானால் எனக்கு ஒரு சந்தேகம். பூர்வீகக் கடனை எந்தப் பலகையில் எழுதுகிறார்கள்?

அகமதாபாத்தில் சபர்மதிக் கரையைப் பார்த்தவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். இரு கரையிலும் சுமார் பதினோரு கிலோமீட்டருக்கு நடைபாதை. 2012இல் திறந்தார்கள். நகருக்குள் ஆறு ததும்பி நிற்கிறது. தண்ணீர் நர்மதைக் கால்வாயிலிருந்து வருகிறது. அந்தக் கரையில் குடிசை போட்டிருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை அப்புறப்படுத்தி, பல பேரை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் குடிவைத்தார்கள். தென்கொரியாவில், சோல் நகரின் நடுவே சியோங்கியேசியோன் என்ற ஓடை. அதை மூடிக் கட்டியிருந்த மேம்பாலச் சாலையையே இடித்துத் தள்ளிவிட்டு, 2005இல் ஓடையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர். அங்கேயும் தண்ணீர் பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து பம்ப் வைத்து இறைப்பதுதான். அந்தத் தெருவில் கடை போட்டிருந்தவர்களை ஒரு பழைய ஸ்டேடியத்துக்குப் போகச் சொன்னார்கள். கொஞ்ச வருஷத்தில் அந்த ஸ்டேடியத்தையும் இடித்தார்கள்.

இப்படிச் சொல்வதால் இவையெல்லாம் மோசடி என்று அர்த்தம் இல்லை. சாயங்காலம் அங்கே நடக்கிற லட்சக்கணக்கான ஜனங்களின் சந்தோஷம் நிஜமானது. அந்தச் சந்தோஷத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் நிஜம். நாம் பேச வேண்டியது சிங்கப்பூரைப் பற்றி. ஏனென்றால் அங்கே நம்ம ஆள் ஒருவர் சிலையாக இருக்கிறார்.

சிங்கப்பூர் ஆறு ஒரு காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டிய சாக்கடை. பத்து வருஷத்தில் இதில் மீன் பிடிக்கிற மாதிரி ஆக்க வேண்டும் என்று 1977இல் பிரதமர் லீ குவான் யூ கெடு வைத்தார். 1987இல் முடித்தே விட்டார்கள். கரையோரக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு அரசு வீடு கிடைத்தது. தெருவில் சாப்பாடு விற்றவர்களைத் தண்ணீர்க் குழாய், சாக்கடை வசதியோடு கட்டிய கூடங்களுக்கு மாற்றினார்கள். தலைமுறை தலைமுறையாக அரிசியும் ரப்பரும் மிளகும் ஏற்றி இறக்கிய சரக்குப் படகுகளை 1983இல் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் சிலைகள் வந்தன. ஆற்றுக்குள் குதிக்கும் பையன்கள், வெண்கலத்தில். மூட்டை சுமக்கும் கூலிகள், வெண்கலத்தில். வட்டிக்கடைச் செட்டியாருக்கும் ஒரு சிலை உண்டு. வேட்டி கட்டிய நம்மூர் மனிதர், இன்றைய பங்குச்சந்தை ஆட்களுக்குப் பக்கத்தில். பையன்கள் அந்தரத்தில் உறைந்திருக்கிறார்கள். நிஜப் பையன்கள் யாரும் அந்த இடத்தில் இப்போது குதிப்பதில்லை. கூலிகளின் முதுகில் வெண்கல மூட்டை. நிஜ மூட்டை அந்தக் கரைக்கு வருவதே இல்லை.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். அதே காலத்தில் கூடங்களுக்கு மாற்றப்பட்ட சாப்பாட்டுக்காரர்கள் என்ன ஆனார்கள்? கடை நடத்தினார்கள். மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் அந்தச் சாப்பாட்டுக்கடைக் கலாசாரத்தை யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிழைப்பு பிழைத்த இடத்தில் பாரம்பரியம் மூச்சு விடுகிறது. பிழைப்பு போன இடத்தில் சிலை நிற்கிறது. ஒரே நகரம், ஒரே அரசாங்கம், ஒரே பத்து வருஷம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு போடிநாயக்கனூருக்கு வாருங்கள்.

2011 கணக்குப்படி சுமார் 75,000 பேர் இருக்கிற ஊர். மேற்கே பார்த்தால் சுவர் வைத்தாற்போல் மலை. அதிலிருந்து இறங்கி வருகிறது கொட்டகுடி ஆறு. குரங்கணி மலைகளில் பிறந்து, போடியைத் தொட்டு, தேனி வழியாகப் போய் வைகையில் சேருகிறது. ஊருக்குக் குடிதண்ணீரும் அதுதான். அணைப்பிள்ளையார் தடுப்பணையில் வெள்ளை வெளேரென்று கொட்டுகிற அதே ஆறு, ஊரைத் தாண்டும்போது முகம் மாறிவிடுகிறது. ஊருக்குள் நுழைந்து வெளியேறும் எந்தத் தமிழ்நாட்டு ஆற்றுக்கும் நேருகிற கதிதான்.

இந்தக் கரையில் ஒரு பாரம்பரியப் பூங்கா வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான், காசா பணமா? உள்ளே என்னவெல்லாம் வைக்கலாம்?

வைப்பதற்குச் சரக்கு நிறையவே இருக்கிறது. மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி விட்டார்கள். இழுத்தது எஞ்சின் இல்லை, காளை மாடு. 1908இல் அதை மாற்றிக் குட்டி ரயிலே விட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு மலைச்சரிவில் கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் போடி. போடியிலிருந்து சீமைக்கு. 1924 ஜூலையில் கேரளமே ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றைக்கும் சொல்கிற மழை வந்து ரயில் பாதையை வாரிக்கொண்டு போனது. திரும்பப் போடவே இல்லை. ஆனால் டாப் ஸ்டேஷன் இன்னும் டாப் ஸ்டேஷன்தான். பாதிச் சரிவில் இருக்கிற ஊருக்கு இன்னும் சென்ட்ரல் என்றுதான் பெயர். நூறு வருஷமாக ரயில் இல்லாத ஸ்டேஷன்கள். இதைவிட நல்ல பலகை வாசகம் எங்கே கிடைக்கும்?

பிறகு, 1928இல் போடிக்கு வந்த மீட்டர் கேஜ் ரயில். அகலப்பாதை போடுவதற்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். திரும்ப வர 2023 ஜூன் ஆயிற்று. ஜமீன் அரண்மனை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுகிற போடிமெட்டு சாலை. எல்லாவற்றுக்கும் மேலே, ஏலக்காய். 2007இல் கம்ப்யூட்டருக்கு மாறிய ஏலக்காய் ஏலம். 2019 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. பூங்காவில் பொன்னெழுத்தில் பொறிக்கலாம்.

இதெல்லாம் சொத்துப் பக்கம். இப்போது பக்கத்தைத் திருப்புங்கள்.

கம்பிவடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறியது யார்? ரயில் வருவதற்கு முன்னால், ரோடு வருவதற்கு முன்னால், தலைச்சுமையாக அரிசி போனதே, அது யாருடைய தலை? காடாக இருந்ததைத் தோட்டமாக்க, கங்காணி கையில் முன்பணம் வாங்கிக்கொண்டு கீழிருந்து ஏறினவர்கள் எத்தனை பேர் காய்ச்சலில் போனார்கள்? துரைகளின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. இவர்களுடையது பேரேட்டில் கூலி வரியாக இருந்திருக்கும். பேரேடு கரையானுக்குப் போயிருக்கும். அதற்கும் முன்னால் அந்த மலையில் முதுவர்கள் இருந்தார்கள். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதால்தான் தங்களுக்கு அந்தப் பெயர் என்று ஒரு கதை அவர்களிடம் உண்டு. சுமந்தவர்களின் கதையைச் சுமந்தவர்களேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய கதைதானே என்கிறீர்களா? மூணாறில் தேயிலை மியூசியம் ஒன்று நன்றாகவே இருக்கிறது. பழைய இயந்திரங்கள், பழைய படங்கள். அதே மலையில், 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயம் என்று சொல்கிற வரிசை வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த எழுபது பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். மியூசியத்தில் இருக்கிற காலமும் லயத்தில் இருக்கிற காலமும் ஒன்றேதான். ஒன்றை நாம் பாரம்பரியம் என்கிறோம். இன்னொன்றை என்னவென்று சொல்வது?

ஏலக்காய்க்கு வருவோம். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அது செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், தரையோடு தரையாக நீண்டு கிடக்கும் சரத்தில் காய்க்கும். பறிக்க வேண்டுமானால் நாள் முழுக்கக் குனிய வேண்டும், அல்லது குத்துக்கால் போட்டு நகர வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். இதற்காகப் போடி, தேவாரம், கம்பம் பக்கத்துப் பெண்கள் விடியுமுன்னே ஜீப் பிடிக்கிறார்கள். இடுப்பில் சோற்று வாளியோடு, ஒருத்தி மடியில் இன்னொருத்தி உட்கார்ந்ததுபோல நெருக்கியடித்துக்கொண்டு மலையேறுகிறார்கள். அந்த ஜீப்புகள் உருண்ட செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். பூங்காவில் ஏலக்காய்க்கு நேர்மையாக ஒரு சிலை வைப்பதானால், அது நிமிர்ந்த சிலையாக இருக்க முடியாது.

இங்கே ஒரு நண்பர் இடைமறிப்பார். “என்ன சார் நீங்க, எல்லாத்துக்கும் ஒப்பாரி வைக்கிறீங்க. அந்த ஊர் ஜனம் சாயங்காலம் காலாற உட்கார ஒரு இடம் வேண்டாமா?”

வேண்டும். நிச்சயம் வேண்டும். பணக்காரனுக்கு மாடியில் தோட்டம் இருக்கிறது. ஒண்டுக் குடித்தனக்காரிக்குப் பொதுப் பூங்காதான் தோட்டம். அழகு என்பது வயிறு நிறைந்தவனுடைய சமாசாரம் என்பவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. நாற்றமடிக்கிற ஆற்றங்கரையில் வாழ்வதில் எந்தப் புரட்சியும் இல்லை. சிங்கப்பூரின் சுத்தமான ஆறு இன்றைக்கு அந்த நகரத்தின் குடிநீர்த் தேக்கத்தில் ஒரு பங்கு. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டாவது நண்பர் இன்னும் கெட்டிக்காரர். “அந்தக் காலத்துத் துரை செஞ்சதுக்கு, கங்காணி செஞ்சதுக்கு நான் எப்படிங்க கடனாளி? நான் யாரையும் மலைக்கு அனுப்பலையே?”

நியாயமான கேள்வி. செய்யாத தப்புக்கு யாரும் குற்றவாளி ஆக முடியாது. ஆனால் கடனாளி வேறு, குற்றவாளி வேறு. தாத்தா வாங்கிய கடனுக்காகப் பேரனை ஜெயிலில் போடுவதில்லை. வீட்டில் குடியிருக்கிறாயே, கடனைக் கட்டு என்றுதான் சொல்கிறோம். நாம் அந்த வீட்டில் குடியிருக்கிறோமா என்பதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. நம் பேச்சில் ‘எங்க’ என்ற வார்த்தை எங்கே வருகிறது என்று கவனியுங்கள்.

“எங்க ஊரு ஏலக்காய் துபாய் வரைக்கும் போகுதுங்க.” “எங்க ஊருக்கு அந்தக் காலத்துலயே ரோப் கார் இருந்துச்சு தெரியுமா?” ரோப் காரை நானா போட்டேன்? இல்லை. ஏலக்காயை நானா பறித்தேன்? அதுவும் இல்லை. இருந்தாலும் ‘எங்க’ என்கிறோம். நான் செய்யாததற்குப் பெருமை எடுத்துக்கொள்ள முடியும் என்றால், நான் செய்யாததற்குப் பொறுப்பும் எடுத்துக்கொள்ள முடியும். பெருமைக்கு ‘எங்க’, பழிக்கு ‘அவங்க’ என்பது செல்லாது. வீட்டை எடுத்துக்கொண்டு பத்திரத்தைக் கிழித்துப் போடுகிற வேலை அது.

அளவும் சட்டத்திலேயே இருக்கிறது, பார்த்தோமே? வந்த சொத்தின் அளவுக்குத்தான் கடன். எனக்கு அந்த ஊர்ப் பெருமை எதுவும் வேண்டாம் என்று உண்மையாகவே ஒதுங்கியவரிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. ஆனால் பத்து ஏக்கரில் பெருமையைப் பரப்பி வைக்கிற ஊர், பத்து ஏக்கர் அளவுக்காவது கடனை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

மூன்றாவது ஒரு குரல் இருக்கிறது. இதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்த ஜீப்பில் போகிற அக்காவிடமே கேட்டால் என்ன சொல்வார்? “எனக்கு எதுக்குய்யா சிலை? எம் பொண்ணு இந்த மலைப்பக்கமே திரும்பிப் பார்க்காம நர்சு வேலைக்குப் போனாப் போதும்” என்று சொல்லக்கூடும். கஷ்டத்தை விட்டு வெளியே வந்தவனுக்குத்தான் அது ஞாபகச்சின்னம். உள்ளே இருப்பவருக்கு அது திங்கட்கிழமை. மறக்க நினைப்பவரைப் பிடித்து நிறுத்தி, உன் நினைவைப் போற்றுகிறோம் என்று மாலை போடுவது மரியாதை அல்ல. அது இன்னொரு வேலை வாங்குவது.

அப்படியானால் என்னதான் செய்வது? எல்லாக் கடனையும் அடைத்த பிறகுதான் பூங்கா என்றால் எந்தக் காலத்திலும் பூங்கா வராது. இங்கேதான் கணக்குப் புத்தகம் கைகொடுக்கிறது. இன்றைக்குக் கட்ட முடியாத கடன் இருப்பது தப்பில்லை. பெரிய பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் இருக்கிறது. எழுதாமல் மறைப்பதுதான் தப்பு. 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ஏன் சரிந்தது? இல்லாத பணத்தை இருப்பு என்று காட்டினார்கள், இருக்கிற கடனைக் குறைத்துக் காட்டினார்கள். சொத்தை மட்டும் காட்டும் பாரம்பரியப் பூங்காவும் அந்த வகை ஐந்தொகைதான். தணிக்கை செய்ய ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே பூங்கா வையுங்கள். கூடவே நான்கைந்து காரியம் செய்யுங்கள். முதலில் ஆற்றில் விழும் சாக்கடையை நிறுத்துங்கள். ஆறுதான் மூலச் சொத்து, மற்றதெல்லாம் வட்டி. சென்னையில் அடையாறு கழிமுகத்தில் 58 ஏக்கரில் சுற்றுச்சூழல் பூங்கா அமைத்து 2011இல் திறந்தபோது, குப்பையை அள்ளி நீர் வந்து போக வழி செய்வதைத்தான் முதல் வேலையாக வைத்துக்கொண்டார்கள். அது சரியான வரிசை. அடுத்து, கரையில் ஏற்கெனவே நடக்கிற காரியங்களுக்குப் படித்துறையை விட்டுவையுங்கள். துவைக்கிறவர், காரியம் செய்ய வருகிறவர், முளைப்பாரி கரைக்கிறவர் எல்லாரையும் விரட்டிவிட்டு, முளைப்பாரி சுமக்கும் பெண்ணுக்குச் சிமெண்ட்டில் சிலை வைக்காதீர்கள்.

ரோப் வே பற்றிய பலகையில் அதைத் தூக்கிச் சுமந்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள். பெயர் தெரியவில்லை என்றால், ‘இவர்களின் பெயரை நாம் எழுதி வைக்கவில்லை’ என்று எழுதுங்கள். அதுவும் ஒரு வரவு செலவுதான். பெட்டிமுடியில் போனவர்களின் பெயர்கள் தெரியும். மலைக்கு இந்தப் பக்கத்து உறவுக்காரர்கள் சம்மதித்தால், அந்தப் பெயர்களுக்கு ஒரு கல்.

கடைசியாக ஒன்று, சின்ன விஷயம். நேரம். நம்மூரில் பல பூங்காக்களை ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். மலையிலிருந்து ஜீப் இறங்குவதே கிட்டத்தட்ட அந்த நேரத்துக்குத்தான். விளக்கும் கழிப்பறையும் வைத்து ஒன்பது மணி வரை திறந்து வையுங்கள். டிக்கெட் போடாதீர்கள். ஏலக்காய் பறித்துவிட்டு வரும் அக்கா ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து, காலை நீட்டி, முதுகை நிமிர்த்திவிட்டுப் போகட்டும். அந்தப் பூங்காவில் அவருக்குச் சிலை இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை. பெஞ்சு இருந்தால் போதும்.

போடி வேண்டாம், உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரு ஆறு இருக்கும், அல்லது இருந்திருக்கும். நாளைக்கு அதன் கரையில் ஒரு வளைவு கட்டி, ‘எங்கள் பாரம்பரியம்’ என்று எழுதுவார்கள். உள்ளே போய்ச் சொத்துக் கணக்கை ஆசை தீரப் பாருங்கள். பார்த்துவிட்டு, கடன் கணக்கு எந்த மூலையில் இருக்கிறது என்று ஒருவரையாவது கேளுங்கள்.

பதில் வராது. பரவாயில்லை, கேள்வி பதிவாகட்டும்.